காட்டியதும் கண்டதும்

சீன நாட்டைச் சுற்றிக் காட்டுவதாகப் பயண நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் நிரல்கள் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் வார்த்தவை. பெய்ஜிங்கில் மூன்று நாள். அங்கிருந்து சியானில் இரண்டு நாள். தெற்கே குய்லினில் மலையும் ஆறும். இறுதியாக ஷாங்காயின் வானளாவிய கட்டடங்கள். இன்னும் சிறிது பணம் செலுத்துவோருக்கு யாங்சி ஆற்றில் மூன்று இரவு கப்பற்பயணம். உணவு, உறைவிடம், நுழைவுச் சீட்டு, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி ஆகிய அனைத்தும் கட்டணத்தில் அடங்கும். 'பண்பாடும் இயற்கையும்' என்று மேலே தலைப்பிட்டிருப்பார்கள். பத்து நாளில் திரும்பி வந்தவர், 'நான் சீனாவைப் பார்த்து வந்தேன்' என்கிறார். இச்சொல் எந்த அளவுக்கு உண்மை? ஒருவர் காட்டியதை மட்டும் கண்டு வந்தவர், கண்டதன் பேரில் எவ்வளவு தூரம் சாட்சி சொல்லலாம்? சிறு வினாவாகத் தோன்றும் இதன் பின்னே பெரிய வினாவொன்று நிற்கிறது. அதைச் சற்று நின்று நோக்குவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் நலம். வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் வரிசையாக நடக்கும் கூட்டத்தை எள்ளி நகையாடுவது படித்தவர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. தோளில் ஒரு பையுடன் தனியே அலைபவரே உண்மைப் பயணி என்றும், பேருந்தில் போகிறவர் வெறும் வேடிக்கை பார்ப்பவர் என்றும் ஒரு சாதிப் பிரிவினையையே உண்டாக்கிவிட்டார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும், வாழ்நாள் முழுதும் சேர்த்த பணத்தில் ஓர் அயல்நாட்டைக் காணப் புறப்படுகிறார்கள். அம்மொழியில் ஓர் எழுத்துகூட அவர்களுக்குத் தெரியாது. முழங்கால் வலி வேறு. வழிகாட்டி இல்லையெனில் அவர்கள் வீட்டைவிட்டு நகர்ந்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் பெருஞ்சுவரின் பாதாலிங் பகுதியில் நாற்பது படி ஏறி, மூச்சு வாங்க நின்று, மலைமுகட்டில் வளைந்தோடும் கல்வரிசையைக் கண்டு வியந்தால், அவ்வியப்பு பொய்யன்று. அவ்விடம் செப்பனிடப்பட்டு 1957இலேயே பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பகுதி என்பதால் அவர்கள் கண்ட மலை மலையில்லை என்றாகிவிடாது.

நாள் கணக்கைக் கொண்டு பார்வையை அளப்பதும் பொருந்தாது. இதற்கு நமக்கு நன்கு அறிமுகமான ஒருவரின் வாழ்வே சான்று. இயேசு சபைக் குருவான மத்தேயோ ரிச்சி 1583இல் தென்சீனத்துச் சாவோசிங் நகரில் காலூன்றினார். தலைநகரில் தங்க இசைவு பெற அவருக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1601இல் பெய்ஜிங் சேர்ந்தவர், 1610 மே 11 அன்று இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் கொண்டு சென்ற கடிகாரங்கள் பேரரசர் வான்லியின் உள்ளத்தைக் கவர்ந்தன. அவற்றைப் பழுது பார்க்கவென்றே குருக்கள் அரண்மனைக்குள் சென்றுவர வழி பிறந்தது. ஆயினும் பேரரசரின் முகத்தை ரிச்சி ஒருநாளும் கண்டாரில்லை. வெறுமையாய்க் கிடந்த அரியணையின் முன்னேதான் அவர் வணங்கி எழுந்தார். இன்று தடைசெய்யப்பட்ட நகரம் எனப்படும் அவ்வரண்மனைக்குச் சீட்டு வாங்கிச் செல்லும் எவரும், அவர் கண்டதைவிட மிகுதியான முற்றங்களை இரண்டு மணி நேரத்தில் கண்டு வெளியேறிவிடலாம். அப்படியானால் யார் கூடுதலாகக் கண்டவர்?

ரிச்சியே என்று நாம் உடனே சொல்வோம். அவர் மொழியைக் கற்றார். சீனத்திலேயே நட்பைப் பற்றி நூல் எழுதினார். சூ குவாங்சி என்னும் அறிஞருடன் அமர்ந்து யூக்ளிடின் வடிவக் கணிதத்தில் முதல் ஆறு பகுதிகளைச் சீனமாக்கி 1607இல் வெளியிட்டார். எல்லாம் மெய்தான். ஆனால் கன்பூசியரின் நூல்களை அத்துணைப் பரிவோடு அணுகிய அதே ரிச்சி, பௌத்தத்தைப் பற்றி எழுதும்போது கடுமையும் ஏளனமும் கொண்டவராகிவிடுகிறார். தொடக்க ஆண்டுகளில் அவரே பௌத்தத் துறவியின் உடையில் திரிந்தவர். இருபத்தேழு ஆண்டுகள் அருகிலேயே இருந்தும் அவர் கண்ணுக்குப் புலப்படாத பகுதி ஒன்று இருந்தது. நீண்ட நாள் தங்கினால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதனால் ஒரு வரம்பு ஏற்படுகிறது.

எனவே, குறை பயணத்தின் குறுகிய காலத்திலும் இல்லை, வழிகாட்டியின் கொடியிலும் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

விருந்தினர் வருகிறார் என்றால் நம் வீட்டில் என்ன நடக்கிறது? வாசல் தெளித்துக் கோலமிடுகிறோம். கொடியில் காயும் துணிகளை வாரி உள்ளே போடுகிறோம். கிழிந்த பாயை மறைக்கிறோம். நேற்றுவரை முகம் கொடுத்துப் பேசாத அண்ணனும் தம்பியும் அன்று ஒரே பந்தியில் அமர்கிறார்கள். இதை யாரும் பொய் என்பதில்லை. விருந்தோம்பலில் இப்படியோர் ஒளிவுமறைவு உண்டு; அது வந்தவருக்குச் செய்யும் மரியாதையின் ஒரு பகுதி. வந்தவரும் அடுக்களைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அது பண்பாடன்று. ஒரு நாடு தன் அழகிய முகத்தை அயலாருக்குக் காட்டுவதும் இத்தகையதே. சீன அரசு காட்டுவதை மட்டும் நாம் ஐயத்தோடு நோக்கி, ஆக்ராவில் யமுனையின் அழுக்கைக் காட்டாமல் தாஜ்மகாலை மட்டும் காட்டுவதை இயல்பென்று கொள்வது நேர்மையாகாது.

ஆனால் பின்கட்டில் கிழிந்த பாய்க்குப் பதிலாக ஒரு மனிதர் அடைபட்டுக் கிடந்தால்? மறைப்பது வறுமையாக இல்லாமல் வன்கொடுமையாக இருந்தால்? அப்போதும் விருந்தினர், 'எனக்குக் கூடத்தைத்தான் காட்டினார்கள்' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

இது கற்பனை வினாவன்று. 1959 முதல் 1961 வரை சீனாவில் வரலாறு காணாத பஞ்சம் நிலவியது. இறந்தோர் தொகையை ஒன்றரைக் கோடி என்று குறைவாக மதிப்பிடுவோரும் உண்டு. மூன்று கோடி என்பதும் அதற்கு மேல் என்பதும் பல ஆய்வாளரின் முடிவு. அதே காலத்தில் வெளிநாட்டு விருந்தினர் சிலர் அரசின் அழைப்பில் அங்கே சுற்றி வந்தனர். சீனப் பொதுவுடைமை இயக்கத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஸ்னோ 1960இல் பல மாதங்கள் அங்கே பயணம் செய்தார். பட்டினியால் மடியும் மக்களைத் தாம் காணவில்லை என்று 1962இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். பின்னாளில் பிரான்சின் குடியரசுத் தலைவரான பிரான்சுவா மித்தரான் 1961இல் சென்று மாவோவைச் சந்தித்துத் திரும்பி, அங்கே பஞ்சம் ஏதும் இல்லை என்றார்.

இவர்கள் பணத்துக்கு விலைபோனவர்கள் அல்லர். அறிவில் குறைந்தவர்களும் அல்லர். 'நான் காணவில்லை' என்று ஸ்னோ எழுதியது சொல்லுக்குச் சொல் உண்மையாகவே இருக்கலாம். அவரை அழைத்துச் சென்ற வழிகளில் பட்டினிப் பிணங்கள் கிடக்கவில்லை. ஆனால் 'நான் காணவில்லை' என்ற வாக்கியத்திலிருந்து 'அப்படியொன்று இல்லை' என்ற வாக்கியத்துக்குக் கடந்து செல்லும் அந்த ஓரடியில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னது அனுபவம், பின்னது தீர்ப்பு. அத்தீர்ப்பை வழங்கும் உரிமையை எந்த வழிகாட்டியும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். கோடிக்கணக்கானோரின் சாவு உலகின் காதுக்கு எட்டாமற்போனதில் இத்தகைய தீர்ப்புகளுக்கும் ஒரு பங்குண்டு.

அக்காலத்தில் உண்மை அறியவே முடியாததாக இருந்ததா என்றால், இல்லை. ஹாங்காங்கில் லாஸ்லோ லடானி என்றொரு இயேசு சபைக் குரு இருந்தார். ஹங்கேரி நாட்டவர். 1949இல் சீனாவைவிட்டு வெளியேறியவர், 1953 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சீனச் செய்திகளை ஆராயும் சிற்றிதழ் ஒன்றை நடத்தினார். சீன நாட்டு நாளேடுகளையும் மாநில வானொலிகளையும் வரி வரியாகப் படிப்பதும் கேட்பதும்தான் அவர் வேலை. எல்லை தாண்டி வந்த ஏதிலியரின் சொல்லும் ஹாங்காங்கில் கேட்கக் கிடைத்தது. பஞ்சத்தின் தடயங்களைப் பிறர் நம்பாத நாளிலேயே அவர் எழுதினார். சுற்றிப் பார்க்க அழைக்கப்பட்டவர்கள் காணாததை, உள்ளே விடப்படாத ஒருவர் மேசையடியில் அமர்ந்து கண்டார். கண்ணால் காண்பதே அறிவின் உச்சம் என்று நாம் கொண்டிருக்கும் எண்ணத்தை இது கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது.

மாதிரிச் சிற்றூராகக் காட்டப்பட்ட தாச்சாயின் கதையும் இதுவே. 1964 முதல் நாடே அதைப் பின்பற்ற வேண்டும் என மாவோ அறிவித்தபின், ஷான்சி மாநிலத்தின் அந்த வறண்ட குன்றுப் பகுதிக்கு உள்நாட்டினரும் வெளிநாட்டினரும் திரள் திரளாக அழைத்துவரப்பட்டனர். படிப்படியாகச் செதுக்கிய வயல்கள் கண்ணுக்கு முன்னே இருந்தன. பொய்யாக இருந்தவை விளைச்சல் கணக்குகள். 1980இல் சீன நாளேடுகளே அதை ஒப்புக்கொண்டன.

இவற்றோடு ஒப்பிட வேறொரு விருந்தினரும் நினைவுக்கு வருகிறார். இத்தாலியத் திரைப்பட இயக்குநர் மைக்கேலாஞ்சலோ அந்தோனியோனி 1972இல் அரசின் அழைப்பில் சென்று சீனாவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அவரும் குறித்த வழியிலேதான் சென்றார். ஆனால் சீனாவை விளக்க வரவில்லை என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பாலங்களையும் ஆலைகளையும்விடத் தெருவில் நடப்போரின் முகங்களையே அவருடைய கருவி நாடியது. 1974இல் சீன நாளேடுகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. காட்டியதைத்தான் படம் எடுத்தார். ஆனால் காட்டியவர்கள் விரும்பிய முடிவை அதிலிருந்து வடித்துக் கொடுக்க மறுத்தார். அதுவே குற்றமாயிற்று.

சியான் நகருக்குச் செல்லும் பயணியர் அனைவரையும் பெரிய காட்டு வாத்துக் கோபுரத்தின் முன் இறக்கிவிடுவார்கள். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த நூல்களைப் பாதுகாப்பதற்காக 652இல் எழுந்தது அது. காஞ்சிபுரம்வரை வந்து சென்றவராதலால் அவர் நமக்கு அயலவர் அல்லர். பதினாறு ஆண்டுகளுக்குமேல் அலைந்து 645இல் நாடு திரும்பியவர், தம் பயணத்தை எழுதுவித்தார். அதைத் தொகுத்த சீடர் பியான்ஜி முடிவுரையில் ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். ஆசிரியர் தாமே நடந்து கண்ட நாடுகளுக்கு ஒரு வினைச்சொல்லும், பிறர் சொல்லக் கேட்டு எழுதிய நாடுகளுக்கு வேறொரு வினைச்சொல்லும் இந்நூலில் ஆளப்பட்டுள்ளன என்பதே அது. வாசிப்பவர் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு, இது கண்டதா, கேட்டதா என்று பிரித்தறியலாம். காஞ்சியில் இருந்தபோது இலங்கைக்குச் செல்ல அவர் எண்ணியிருந்தார். அங்கிருந்து வந்த துறவியர், மன்னர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் நிலவுகின்றன என்று சொல்லவே, போகவில்லை. போகாத நாட்டைப் பற்றியும் எழுதினார். ஆனால் போனதாக எழுதவில்லை.

ஏழாம் நூற்றாண்டுப் பயணிக்கு இருந்த இந்த இலக்கண நேர்மை, நம் பேச்சில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பி வந்தவர் சொல்லும் செய்திகளில் பாதி, பேருந்தில் வழிகாட்டி சொன்னவை. கால்பகுதி, விளம்பரத் தாளில் இருந்தவை. ஆனால் எல்லாமே 'பார்த்தேன்' என்ற ஒரே வினைமுற்றில் முடிகின்றன.

சியானிலேயே இன்னொன்றும் இருக்கிறது. 1974 மார்ச்சில் உழவர் சிலர் கிணறு தோண்டப்போய் வெளிப்பட்ட சுடுமண் படையைக் காணாமல் எவரும் திரும்புவதில்லை. சாம்பல் நிறத்தில் அணிவகுத்து நிற்கும் அவ்வீரர்கள் ஒருகாலத்தில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக வண்ணம் பூசப்பட்டவர்கள். மண்ணிலிருந்து வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு வண்ணம் உலர்ந்து உதிர்ந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த செயலே அவற்றின் ஒரு பகுதியை அழித்தது. பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் உடல் அடக்கப்பட்ட மேட்டையோ அறிஞர்கள் இன்னும் திறக்கவில்லை. திறந்தால் காப்பாற்ற இயலாது என்பதால், எட்டும் தொலைவில் இருந்தும் பார்க்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள். எதையும் உடனே கண்டுவிட வேண்டும் என்று பறக்கும் பயணியின் முன்னே, காணாதிருக்கத் தெரிந்தவர்கள் விட்டுவைத்த மரமடர்ந்த குன்றொன்று நிற்கிறது. பேருந்துகள் பெரும்பாலும் அதைச் சன்னல் வழியே காட்டிவிட்டுக் கடந்து போகும்.

யாங்சிக் கப்பலில் வினா இன்னும் கூர்மையாகிறது. மூன்று பள்ளத்தாக்குகளின் செங்குத்தான பாறைகள் இருபுறமும் எழ, இடையே அகன்ற பச்சை நீரில் கப்பல் அமைதியாய்ச் செல்லும். அந்த அமைதி செயற்கையானது. 1994இல் தொடங்கிய அணையில் 2003 முதல் நீர் தேங்கலாயிற்று. 2010இல் கடல்மட்டத்துக்கு மேல் 175 மீட்டர் என்ற முழு அளவை எட்டியது. ஏறத்தாழ 13 லட்சம் மக்கள் தம் ஊர்களைவிட்டு வேறிடம் பெயர்க்கப்பட்டனர். கப்பலின் அடியில் பழைய பெங்சியேயும் வூஷானும் நீருக்குள் கிடக்கின்றன. இந்த ஆற்றுக்கே உரிய வெள்ளை ஓங்கில் 2006இல் நடந்த தேடலில் ஒன்றுகூடத் தென்படவில்லை. அதற்கு அணை மட்டுமே காரணமன்று, மீன்வலையும் கப்பல் நெரிசலும் சேர்ந்தே காரணம். மறுபுறம், 1954 வெள்ளத்தில் இதே ஆறு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு போயிற்று என்பதையும் மறக்கலாகாது. அணையால் நன்மையே இல்லை என்று கப்பல் தளத்தில் தேநீர் அருந்திக்கொண்டே தீர்ப்புக் கூறுவதும், ஸ்னோ செய்த தவற்றின் மறுபக்கமே.

அப்படியானால் பயணி என்ன செய்வது? அழகைக் கண்டு மகிழாமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வதா? அதனால் எவருக்கும் பயனில்லை. வழிகாட்டியிடம், 'இங்கே முன்பு இருந்த ஊரின் பெயர் என்ன?' என்று கேட்கலாம். இது அரசியல் வினாவன்று. யாரையும் மாட்டிவைக்கும் வினாவுமன்று. பதில் சொல்பவரே அவ்வூரிலிருந்து பெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கவும் கூடும். பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டவருக்கு அந்நீர் வெறும் காட்சியாக இராது.

வழிகாட்டியைப் பற்றியும் ஒரு சொல். பட்டுக் கடை, பச்சைக் கல் கடை, தேயிலைக் கடை என்று இழுத்துச் செல்கிறார் என்று பயணியர் குறைபடுவர். காரணம் எளிது. கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்த நிறுவனங்கள், வழிகாட்டியின் கூலியைக் கடைக்காரர் தரும் தரகிலிருந்து பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டம், நியாயமற்ற குறைந்த விலைப் பயணங்களையும் கடைகளுக்கு வலிந்து இட்டுச் செல்வதையும் தடை செய்தது. சட்டம் வேண்டியிருந்ததே, குறைந்த விலை தேடும் நம் கை அதில் இருந்ததைக் காட்டும். குய்லினின் லீ ஆற்றில் நீர்க்காகத்தோடு மூங்கில் தெப்பத்தில் நிற்கும் முதியவர் இன்று பெரும்பாலும் மீனுக்காக நிற்பதில்லை, படத்துக்காக நிற்கிறார். அதில் எனக்கு வருத்தமில்லை. உழைப்புக்கு ஊதியம் பெறுகிறார். அவரைப் 'பழமை மாறாத சீனா' என்று அடிக்குறிப்பிட்டு மாட்டி வைப்பது நாம்.

நிரலின் இறுதி நகரம் ஷாங்காய். கத்தோலிக்கப் பயணியர் குழு என்றால், சூஜியாஹூயில் உள்ள புனித இஞ்ஞாசியார் பேராலயத்தை வழிகாட்டி மறவாமல் சேர்த்துக்கொள்வார். யூக்ளிடை மொழிபெயர்த்த சூ குவாங்சியின் குடும்பப் பெயரே அப்பகுதிக்கு வழங்குகிறது. 1910இல் கட்டி முடிந்த சிவப்புச் செங்கற் கோயில், இரு கூர்ங்கோபுரங்கள். 1966இல் அக்கோபுரங்கள் இடிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டன. 1955 செப்டம்பர் 8 இரவில் இம்மறைமாவட்டத்தின் ஆயர் இஞ்ஞாசி குங் பின்மேயும் அவரோடு குருக்கள், பொதுநிலையினர் பலரும் கைதாயினர். அவர் முப்பது ஆண்டுகள் சிறையிலிருந்தார். இரண்டாம் யோவான் பவுல் 1979இல் தம் உள்ளத்துக்குள்ளேயே அவரைக் கர்தினாலாக்கி, 1991இல்தான் அதை வெளியிட்டார்.

அங்கே ஒரு ஞாயிறு திருப்பலியில் கலந்துகொண்டு, நிறைந்திருந்த இருக்கைகளைக் கண்டு, 'சீனாவில் நம் திருச்சபை செழித்திருக்கிறது' என்று ஊர் திரும்பிச் சொல்பவர் உண்டு. வாசலில் ஓர் அறிவிப்பைக் கண்டு, 'அங்கே உண்மையான விசுவாசமே இல்லை, எல்லாம் அரசின் நாடகம்' என்று சொல்பவரும் உண்டு. வத்திக்கானும் பெய்ஜிங்கும் ஆயர் நியமனம் பற்றி 2018இல் செய்துகொண்ட தற்காலிக உடன்பாடு, 2024இல் மேலும் நான்காண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதன் வாசகம் இன்றுவரை வெளியிடப்படவில்லை. முப்பது ஆண்டுச் சிறையையும் வெளிவராத உடன்பாட்டையும், அந்த இருக்கைகளில் மண்டியிட்டிருந்த முகம் தெரியாத மக்களின் வாழ்வையும் ஒரு மணி நேரத் திருப்பலி கொண்டு அளந்துவிடத் துணிகிறோம்.

ஆயர் குங்கைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்கலாமா? கேட்கத் தோன்றும். ஆனால் கேட்பவர் மறுநாள் விமானம் ஏறிவிடுவார். பதில் சொன்னவர் அங்கேயே இருக்க வேண்டியவர். நமக்குச் செலவில்லாத துணிவு அவருக்கு வேலையைச் செலவாக்கலாம். அறிய வேண்டியதைப் புறப்படும் முன்னே படித்து அறிந்துகொண்டு, அவர் முன் வாய் மூடி நிற்பதும் ஒருவகை மரியாதையே. கட்டடம் எந்த ஆண்டு எழுந்தது, கோபுரத்தின் உயரம் எவ்வளவு என்பதை அவர் மனப்பாடமாகச் சொல்வார். அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள்; தெருவோரத்தில் பேருந்து நிற்கிறது. எந்தப் பீடத்தின் முன் மண்டியிடுவது, யாருக்காக மண்டியிடுவது என்பதை மட்டும் அந்த நிரல் சொல்வதில்லை.